இரண்டு ரவுட்டர் உள்ள வீட்டில் நெட் ஏன் வந்து வந்து போகிறது?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழே ஹாலில் இன்டர்நெட் கம்பெனி கொடுத்த மோடம் ரவுட்டர் இருக்கிறது. மாடிக்குச் சிக்னல் ஏறவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து மாடியில் மாட்டியிருக்கிறீர்கள். மாடியில் வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டுகிறது. ஆனால் ஒரு போனுக்கு நெட் வருகிறது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு போனுக்கு வருவதில்லை. வராத போன் மறுநாள் தானாகச் சரியாகிவிடுகிறது. கீழே உள்ள பிரிண்டர் சில நாள் மாடி லேப்டாப்பில் தெரியவே மாட்டேன் என்கிறது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் வீடு முழுக்க நெட் இல்லை. புது ரவுட்டர் பழுதா, மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். இந்த மூன்று தொல்லைக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். இரண்டு பெட்டிகளும் தன்னைத்தான் வீட்டின் ரவுட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன.

ஒரு வேண்டுகோள்: ரீசெட் ஓட்டைக்குள் இப்போதைக்கு ஊசியை விடாதீர்கள். நெட் வரவில்லை என்றதும் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். ரீசெட் செய்தால் ரவுட்டர் கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். அந்த நிலைதான் உங்கள் பிரச்சினையே. கூடவே, கோளாறைக் காட்டிக்கொடுக்கும் தடயங்களும் அழிந்துவிடும்.

முதலில் முகவரியைப் பாருங்கள். மாடியில் நெட் வரும் போனையும் வராத போனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வைஃபை செட்டிங்ஸில் இப்போது சேர்ந்திருக்கும் இணைப்பைத் தொட்டால் ஐபி முகவரி, கேட்வே (நெட்டுக்குப் போகும் வாசலாக இருக்கும் பெட்டியின் முகவரி) என்று இரண்டு வரிகள் இருக்கும். (சில போன்களில் கேட்வே என்பதை ரவுட்டர் என்றே போட்டிருப்பார்கள்.) நல்ல போனில் 192.168.1.23, கேட்வே 192.168.1.1 என்று இருக்கிறது, வராத போனில் 192.168.0.101, கேட்வே 192.168.0.1 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். ஒன்றில் 1, இன்னொன்றில் 0. ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு போன்களுக்கு இரண்டு வெவ்வேறு பெட்டிகள் முகவரி கொடுத்திருக்கின்றன. விஷயம் முடிந்தது, கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

விண்டோஸ் லேப்டாப் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் கட்டளையை 'ஆல்' என்ற சேர்க்கையோடு (ipconfig /all) கொடுங்கள். வரும் பட்டியலில் டிஎச்சிபி சர்வர் என்று ஒரு வரி இருக்கும். முகவரி கொடுத்த பெட்டி எது என்று அதில் நேராகவே எழுதியிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு போன் வைஃபையில் சேர்ந்ததும், 'யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று அந்த நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி கூவும். முகவரி கொடுக்கும் அந்த வேலைக்குத்தான் டிஎச்சிபி என்று பெயர். வீட்டில் ஒருவர் மட்டும் அந்த வேலையைச் செய்தால் சிக்கலே இல்லை. நீங்கள் கீழ் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுச் சாதனங்களை மாட்டும் துளை) வந்த கேபிளை மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில் சொருகியிருந்தால், இரண்டு பெட்டிகளின் காதிலும் அந்தக் கூவல் விழும். இரண்டும் பதில் சொல்லும். எந்தப் பதில் முந்துகிறதோ அதைப் போன் பிடித்துக்கொள்ளும். கீழ்ப் பெட்டி முந்தினால் நெட் வரும். மாடிப் பெட்டி முந்தினால், 'வெளியே போக வேண்டிய எல்லாவற்றையும் என்னிடம் கொடு' என்று தன்னையே கேட்வேயாகச் சொல்லிவிடும். ஆனால் வெளி நெட் உள்ளே வர வேண்டிய துளையான அதன் வேன் போர்ட் காலி. போன் அனுப்புவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, போக வழியில்லாமல் கீழே போட்டுவிடும். சிக்னல் முழுதாக இருந்தும் நெட் வராத மர்மம் இதுதான்.

மறுநாள் தானாகச் சரியாவதற்கும் இதே கணக்கு. டிஎச்சிபி முகவரியைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, வாடகைக்குத்தான் விடுகிறது. போன் ஒருமுறை வாங்கிய முகவரியை நினைவில் வைத்திருந்து, அடுத்த முறை சேரும்போதும் அதையே கேட்கும். கெடு முடிந்தபின் மறுபடியும் பொதுவில் கூவும்போது கீழ்ப் பெட்டி முந்திவிட்டால், 'எதுவுமே செய்யவில்லை, சரியாகிவிட்டது' என்று தோன்றும். ஹாலில் உள்ள சாதனங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கீழ்ப் பெட்டி பக்கத்திலேயே இருப்பதால் பெரும்பாலும் அதன் பதில் முந்துகிறது, அதனால் உங்கள் கண்ணில் படவில்லை.

அடுத்து கரண்ட் விஷயம். மோடம் ரவுட்டர் முழுதாக எழுந்திருக்க நேரம் எடுக்கும். மாடிப் பெட்டிக்கு அந்த வேலை குறைவு, சட்டென்று எழுந்துவிடும். நடுவில் கிடைக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் வீட்டில் உள்ள அத்தனை போனுக்கும் டிவிக்கும் மாடிப் பெட்டி முகவரி கொடுத்து முடித்துவிடும். அப்புறம் கீழ்ப் பெட்டி எழுந்து என்ன பயன்? கேட்க யாரும் இல்லை. வீடு முழுக்க நெட் இல்லை.

சரி, தீர்வு. மாடி ரவுட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இப்போது வரும் பல மாடல்களில் உண்டு. அதை ஆன் செய்தால் முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, கேபிளில் வருவதை வைஃபையாக்கும் வேலையை மட்டும் அது செய்யும். அந்த மோடில் கேபிளை எந்தப் போர்ட்டில் சொருகலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கூட வந்த தாளில் படம் போட்டிருக்கும். அப்படி மாற்றிய பிறகு பழைய 192.168.0.1 முகவரியில் அதன் செட்டிங்ஸ் பக்கம் திறக்காமல் போகலாம். பயப்பட வேண்டாம், அது இப்போது கீழ்ப் பெட்டியிடம் முகவரி வாங்கியிருக்கும். கீழ்ப் பெட்டியின் சாதனப் பட்டியலில் தேடினால் கிடைக்கும்.

அந்த மோட் இல்லையென்றால் கையால் செய்யலாம். இதில் வரிசை முக்கியம், இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். கீழிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு லேப்டாப்பை மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில் நேராக மாட்டுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்ட் இவற்றை முதலில் அமையுங்கள். அடுத்து அதன் லேன் முகவரியை, கீழ்ப் பெட்டி 192.168.1.1 என்றால், 192.168.1.2 என்று மாற்றுங்கள். சேமித்ததும் பக்கம் நின்றுபோகும். கேபிளைக் கழற்றி மாட்டி, புது முகவரியில் மறுபடியும் உள்ளே போங்கள். கடைசியாக டிஎச்சிபி சர்வரை அணையுங்கள். இதை முதலிலேயே அணைத்துவிட்டால் உங்கள் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லாமல் போய், உள்ளேயே நுழைய முடியாது. அப்புறம் லேப்டாப்பில் கையால் முகவரி போட்டுப் போராட வேண்டும். எல்லாம் முடிந்தபின் கீழ்க் கேபிளை லேன் போர்ட்டில் சொருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

அந்த 192.168.1.2 பற்றி ஒரு வார்த்தை. கீழ்ப் பெட்டி வாடகைக்கு விடும் முகவரிகளில் 2 என்ற எண்ணும் இருந்தால், ஒருநாள் அதைத் தூக்கி ஒரு போனுக்குக் கொடுத்துவிடும். கீழ்ப் பெட்டியின் டிஎச்சிபி வரம்பை 100 முதல் 199 வரை என்பதுபோல் குறுக்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

இரண்டு பெட்டிகளுமே 192.168.1.1 என்று கடையிலிருந்து வந்திருந்தால் இதைவிடக் குழப்பமான நிலை. அப்போது இரண்டு போன்களிலும் கேட்வே ஒன்றுபோலத்தான் தெரியும், மேலே சொன்ன சோதனை பலிக்காது. இங்கே உதவுவது மேக் முகவரி, அதாவது பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும் பன்னிரண்டு எழுத்துக்குறி எண். லேப்டாப்பில் ஏஆர்பி கட்டளையை 'ஏ' என்ற சேர்க்கையோடு (arp -a) கொடுத்தால் 192.168.1.1 என்ற பெயரில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த எண்ணைக் காட்டும். ஸ்டிக்கரில் உள்ளதற்கும் இதற்கும் கடைசி ஒன்றிரண்டு குறிகள் மாறலாம்; முன்பாதியைப் பார்த்தாலே எந்தக் கம்பெனிப் பெட்டி என்று தெரிந்துவிடும். சில நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். எண் மாறியிருந்தால் இரண்டு பெட்டிகள் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடுகின்றன.

மாற்றி முடித்ததும் ஒவ்வொரு சாதனத்திலும் வைஃபையை அணைத்துப் போடுங்கள். பிரிண்டர், டிவி போன்றவற்றைக் கரண்டிலேயே அணைத்துப் போடுங்கள். இல்லையென்றால் பழைய வாடகை முகவரியோடு சுற்றிக்கொண்டிருக்கும். 'சொன்னபடி செய்தேன், சரியாகவில்லை' என்று வருபவர்களில் பாதிப்பேர் இதைச் செய்யாதவர்கள்தான். எங்காவது 169.254 என்று ஆரம்பிக்கும் முகவரி தென்பட்டால், அந்தச் சாதனம் கூவிப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையோ கீழ்ப் பெட்டியின் டிஎச்சிபியையோ பாருங்கள்.

இதுவரை லேன் போர்ட்டில் சொருகியிருப்பதாக வைத்துப் பேசினேன். கேபிள் மாடி ரவுட்டரின் வேன் போர்ட்டில் இருந்தால் கதை வேறு. அப்போது நெட் எல்லாருக்கும் ஒழுங்காக வரும், பிரிண்டர் மட்டும் எப்போதுமே தெரியாது. மாடியில் உள்ளவை ஒரு நெட்வொர்க், கீழே உள்ளவை இன்னொன்று. உள்ளே இருக்கும் பல முகவரிகளை மறைத்து வெளியே ஒரே முகவரியாகக் காட்டும் வேலைக்கு நாட் என்று பெயர். அது இரண்டு இடத்தில் நடப்பதால் இதை டபுள் நாட் என்பார்கள். பிரிண்டர் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அனுப்பும் அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது, அதனால் பட்டியலில் வராது. ஆனால் மாடி லேப்டாப்பில் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கையால் போட்டால் பெரும்பாலும் அச்சடிக்கும். உள் நெட்வொர்க்கிலிருந்து (இங்கே மாடி) வெளி நெட்வொர்க்குக்கு (இங்கே கீழ்) போகலாம். வெளியிலிருந்து உள்ளே வரத்தான் முடியாது.

இந்தத் திசையைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நம்பிக்கையில்லாத கேமரா, விருந்தாளிகளின் போன் இவற்றை உள் ரவுட்டரில் 'ஒதுக்கி' வைத்துவிட்டதாக நினைப்பார்கள். அங்கிருந்து வெளி ரவுட்டரில் உள்ள எல்லாவற்றையும் அவை எட்டிப் பார்க்கலாம். ஒதுக்க வேண்டுமென்றால் அவை வெளி ரவுட்டரிலும் உங்கள் சாதனங்கள் உள் ரவுட்டரிலும் இருக்க வேண்டும்.

டபுள் நாட் இருக்கிறதா என்று பார்க்க ட்ரேஸ்ரூட் போதும். விண்டோஸில் ட்ரேஸர்ட் (tracert) கட்டளை, பக்கத்தில் 8.8.8.8 (வெளியே உள்ள கூகுளின் ஒரு சர்வர்) என்று கொடுத்தால், போகும் வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும் வரிசையாகக் காட்டும். வீடு, அலுவலகம் போன்ற உள் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கிய முகவரிகள் மூன்று கூட்டம்: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. முதல் இரண்டு நிறுத்தங்களுமே 192.168 என்று வந்தால் டபுள் நாட். இரண்டாவது 10 என்று தொடங்கினால் அது கம்பெனியின் உள் உபகரணமாகவும் இருக்கலாம், அவசரப்பட வேண்டாம்.

படம் பார்ப்பது, மெயில், வீடியோ கால் மட்டும்தான் என்றால் டபுள் நாட்டை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அதைப் பேய் மாதிரி விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவு தேவையில்லை. உள்ளே வரும் இணைப்பு வேண்டும் என்றால்தான் அது குறுக்கே நிற்கும்: கேம் கன்சோலில் நாட் டைப் 'ஸ்ட்ரிக்ட்' என்று காட்டுவது, வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவுக்குள் நேராக வர முடியாமல் போவது போன்றவை. அப்போது கீழ்ப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு மோடமாக மட்டும் இருக்கும் நிலை) மாற்றி மாடிப் பெட்டியை மட்டும் ரவுட்டராக வைக்கலாம், அல்லது மேலே சொன்னபடி மாடிப் பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பிரிட்ஜ் மோடில் கம்பெனியின் யூசர் நேம், பாஸ்வேர்ட் எல்லாம் கையில் வேண்டும், சில இடங்களில் அவர்களே மாற்றித் தர வேண்டும். கீழ்ப் பெட்டியின் வைஃபையும் நின்றுபோகலாம். இன்னொன்று: கீழ்ப் பெட்டியின் வேன் முகவரியே 100.64 முதல் 100.127 வரையிலான கூட்டத்தில் இருந்தால், கம்பெனியே தன் பக்கத்தில் இன்னொரு நாட் போட்டு, பல வீடுகளை அதன் பின்னால் வைத்திருக்கிறது. அங்கே நீங்கள் வீட்டுக்குள் எதை மாற்றினாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி) தர முடியுமா என்று கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

வேன் போர்ட்டில் சொருகுகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. இரண்டு பெட்டிகளின் உள் நெட்வொர்க்கும் 192.168.1 ஆகவே இருந்தால் மாடிப் பெட்டிக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்றே தெரியாது. சில மாடல்கள் தாமே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். இல்லையென்றால் ஒன்றை 192.168.2 ஆக்கிவிடுங்கள், தீர்ந்தது.

கேபிளையும் சந்தேகப்படுங்கள். மாடியில் வேகம் எவ்வளவு முயன்றாலும் 94, 95 எம்பிபிஎஸ்ஸில் வந்து நின்றால் அது கேபிளின் கையெழுத்து. கிகாபிட் வேகத்துக்கு கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும். மீதி நான்கில் ஒரு கம்பி ஒடிந்தாலும், முனையில் கிரிம்ப் (பிளக்கை அழுத்திப் பொருத்துவது) அதில் சரியாக விழாவிட்டாலும், இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம். நெட் வேலை செய்வதால் யாரும் கவனிப்பதில்லை. மாடிப் பெட்டியின் போர்ட்டே 100தான் என்றாலும் இதே எண் வரும், அதனால் கேபிளை மாற்றுமுன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

லூப் என்று ஒன்று உண்டு, என் அனுபவத்தில் அதுதான் மிக எரிச்சலானது. உறவினர் வீட்டில் ஒருநாள் வீடு முழுக்க நெட் செத்துவிட்டது. போய்ப் பார்த்தால் இரண்டு பெட்டிகளிலும் எல்லா லைட்டும் ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தன. செட்டிங்ஸ் பக்கம்கூடத் திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் செட்டிங்ஸோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். தரையில் ஒரு கேபிள் முனை சும்மா கிடக்கிறதே என்று, பெருக்கும்போது யாரோ நல்லெண்ணத்தில் அதைக் காலியான போர்ட்டில் சொருகியிருக்கிறார்கள். அதன் இன்னொரு முனை ஏற்கெனவே மற்ற ரவுட்டரில் இருந்தது. இப்படி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இரண்டு கேபிள் ஓடினால், ஒரு கூவல் ஒன்றில் போய் மற்றதில் திரும்பி, முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் அடைத்துவிடும். இதைத் தடுக்கும் வசதி பல வீட்டு ரவுட்டர்களில் கிடையாது. கேபிளை உருவினேன், ஒரு நிமிடத்தில் சரி. லைட் அப்படி மின்னினால் முதலில் பின்பக்கம் பாருங்கள்.

வைஃபை பெயரை வைப்பதில் ஒரு யோசனை. கோளாறு தேடும்வரை மாடிக்கும் கீழுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். எந்தப் பெட்டியில் சேர்ந்திருக்கிறோம் என்று தெரியாமல் சோதனை செய்வது வீண். எல்லாம் சரியான பின் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் கொடுத்துவிடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றை சேனல் 1லும் மற்றதை 11லும் விடுங்கள்; 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. மாடிப்படி ஏறியதும் போன் பெட்டி மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், அது பழைய சிக்னலைக் கடைசி மூச்சுவரை பிடித்துத் தொங்கும். கீழ்ப் பெட்டியின் சிக்னல் வலுவைக் கொஞ்சம் குறைத்தால் சீக்கிரம் விடும்.

ஒருவேளை முகவரியும் கேட்வேயும் சரியாக இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? கேட்வேயை பிங் செய்யுங்கள் (பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை), பிறகு 8.8.8.8ஐ. முதலாவதே பதில் தரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது தந்து இரண்டாவது தரவில்லை என்றால் கீழ்ப் பெட்டிக்கு வெளியே, கம்பெனிக்குப் போன் போடுங்கள். இரண்டும் பதில் தந்தால் பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்தான் தகராறு. கீழ்ப் பெட்டியில் அதை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள். இரண்டு பெட்டிகளின் ஸ்விட்சையும் அணைத்து, மாடிப் பெட்டியை மட்டும் முதலில் போடுங்கள். ஒரு போனை அதில் சேருங்கள். முகவரி கிடைக்காமல் அந்தப் போன் திணற வேண்டும். 192.168 என்று ஏதாவது கிடைத்துவிட்டால் டிஎச்சிபி இன்னும் அணையவில்லை. திணறினால் கீழ்ப் பெட்டியைப் போட்டு, சில நிமிடம் விட்டு, போனில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். கேட்வே 192.168.1.1 என்று வரும், பிரிண்டரும் மாடி லேப்டாப்பில் வந்து நிற்கும்.